இழையைப் பிரிக்கலாமா? – ‘ஃப்ரீக்வென்சி செபரேஷன்’ தமிழில்

குழுமத்தாருக்கு வணக்கம்.

படத்தில் தோலைத் திருத்த உதவும் ‘ஃப்ரீக்வென்சி செபரேஷன்’ என்கிற முறைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அகராதியைப் பார் என்று அனுப்பிவிடுவீர்கள்.

ஆந்திரப் பக்கம் நகரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு புடவைக் கடைக்காக மாடல் ஒருவரை வைத்துப் படம் எடுத்தோம். (புகைப்படமா ஒளிப்படமா என்ற சண்டை இங்கே வேண்டாம். நான் படம் என்றே எழுதுகிறேன்.) ஜன்னல் வெளிச்சம், 85 மி.மீ. லென்ஸ், எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு என் உதவிப் பையன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோது என் தப்புகள் வரிசையாக வந்து நின்றன. அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) 1.8 என்று அகலமாக வைத்ததால் கிட்டக் கண் பளிச், தூரக் கண் மங்கல். முழங்கை மூட்டுக்குச் சரியாக ஃபிரேம் முடிந்ததால் கையை யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. புடவையின் கிளிப்பச்சைக் கரை வெளிச்சத்தைத் திருப்பி அடித்ததில் தாடைக்கு அடியில் பச்சை படிந்திருந்தது. மூக்கோரம் ஃபவுண்டேஷன் திட்டு. தாடையில் ஒரு பரு. 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கண்மணிக்குள் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன, பக்கத்திலேயே அட்டையும் கையுமாக எங்கள் பையன். அவனுக்கு ஒரே சந்தோஷம். அதை மட்டும் அழிக்க வேண்டாம் அண்ணா என்றான். அழிக்கவில்லை.

கடைக்காரர் கேட்டது வேறு. “இன்னும் கொஞ்சம் கலரா வேணும், மூக்கைக் கொஞ்சம் ஒல்லியாக்குங்க.” நம் பக்கத்தில் ‘கலர்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், வெளுப்பு. அதைச் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூக்குக்கும் அதே பதில்தான். எங்கள் ஊர் மலையின் பேரே நகரி மூக்கு. அந்தக் காலத்தில் கடலில் போன கப்பல்காரர்கள் அதை அடையாளமாக வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். மூக்கைச் சீவிவிட்டால் ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது.

சரி, தோலைத் திருத்த வேண்டும். பையனிடம் விட்டேன். அவன் ஒரு ரெடிமேட் ஃபில்டரை ஓட்டி மொத்த முகத்தையும் வழுவழுப்பாக்கிக் கொண்டுவந்தான். பரு போய்விட்டது, தோலும் போய்விட்டது. மாவு பூசிய பொம்மை. அதனால் ஃப்ரீக்வென்சி செபரேஷன் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். “ஃப்ரீக்வென்சின்னா ரேடியோவா அண்ணா?” என்றான். ஒரு தமிழ்க் குறிப்பில் பார்த்த ‘அலைவெண் பிரிப்பு’ என்பதைச் சொன்னேன். முகம் இன்னும் சுருங்கியது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு மீடியம். அவன் அம்மா விசைத்தறியில் வேலை பார்க்கிறார்.

தறி நினைவுக்கு வந்ததும் பாதை கிடைத்தது. துணியில் நூல் வேறு, சாயம் வேறு இல்லையா என்று கேட்டேன். நூலில் முடிச்சு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வார்கள், அதற்காகத் துணியை மறுபடி சாயத்தில் முக்கமாட்டார்கள். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தால் நூலை அறுக்கமாட்டார்கள். முகமும் அப்படித்தான். பரு, மயிர்க்கால், சின்னச் சுருக்கம் எல்லாம் நூல். பச்சை படிந்தது, ஃபவுண்டேஷன் திட்டு, கண்ணுக்குக் கீழ்க் கருமை எல்லாம் சாயம். இரண்டையும் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள் மாதிரி, வைத்துவிட்டால் ஒன்றைத் தொடும்போது மற்றது கெடாது. ஃபில்டர் என்ன செய்தது என்றால் சாயத்தைச் சீராக்குகிறேன் பேர்வழி என்று நூலையே கரைத்துவிட்டது.

செய்முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழ்ப் பிரதியை காஷியன் பிளர் போட்டு மயிர்க்கால் மறைகிற அளவுக்கு மங்கலாக்க வேண்டும். மேல் பிரதியிலிருந்து போட்டோஷாப்பின் ‘அப்ளை இமேஜ்’ கட்டளை வழியாக அந்த மங்கலைக் கழிக்க வேண்டும். 8 பிட் படத்துக்கு ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. கழித்தால் மைனஸ் கணக்கும் வருமே, அதைத் திரையில் காட்ட வழியில்லை. அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கி நடுச்சாம்பலில் நிறுத்துகிறோம். பிறகு மேல் லேயருக்கு வைக்கிற ‘லீனியர் லைட்’ என்கிற கலப்பு முறை அதை இரட்டிப்பாக்கித் திருப்பிச் சேர்த்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பழைய படமே திரும்பத் தெரியும். “ஒண்ணுமே நடக்கலையே அண்ணா” என்று பையன் ஏமாந்தான். நடக்காததுதான் சரி. மேல் லேயரை மட்டும் காட்டினேன். சாம்பல் கல்லில் செதுக்கிய முகம் போல மயிர்க்கால் மயிர்க்காலாக நின்றது. “நெய்த துணி மாதிரி இருக்கு” என்றான்.

ஆகவே என் முன்மொழிவு: இழைபிரிப்பு. மேல் லேயர் ‘இழை’, கீழ் லேயர் ‘சாயம்’. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ரீடச்சிங் (எடுத்த படத்தைத் திருத்துவது) என்றாலே ‘மெருகேற்றல்’ என்று எழுதுகிறார்கள். மெருகு பித்தளைக்கு. நான் பாதி நேரம் நெற்றிப் பளபளப்பைக் குறைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
நகரியிலிருந்து

* * *

மறுமொழி: திருத்தணியிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

விளக்கம் அருமை. சொல்லில்தான் எனக்கு இடறுகிறது.

முதலில் ஒரு திருத்தம். ஃப்ரீக்வென்சி என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள சொல் அதிர்வெண். இலங்கையில் மீடிறன். அலைவெண் என்று நீங்கள் பார்த்தது இயற்பியலில் வேறோர் அளவோடு குழம்பக்கூடியது. எனவே நேர்ச்சொல் வேண்டுமென்றால் ‘அதிர்வெண் பிரிப்பு’. அதில் ஒரு நன்மை உண்டு. ஃபூரியே 1822இல் வெப்பத்தைப் பற்றி எழுதிய நூலில் வைத்த கருத்துதான் ஒலிக்கும், வானொலிக்கும், உங்கள் படத்துக்கும் அடிப்படை. எதையும் அலைகளின் கூட்டாகப் பார்க்கலாம். விரைந்து மாறுவது ஒரு பக்கம், மெல்ல மாறுவது ஒரு பக்கம். நீங்கள் தறிக்குப் போய்விட்டால் இந்தக் குடும்ப உறவு அறுந்துபோகும். நாளை உங்கள் பையன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேலைக்குப் போனால் அங்கே வேறு சொல் கற்க வேண்டும்.

இரண்டாவது, ‘இழை’ ஏற்கெனவே பாரம் சுமக்கிற சொல். இலங்கை வழக்கில் இழையம் என்றால் திசு. தோலைப் பற்றிய பேச்சில் இழைபிரிப்பு என்றால் அறுவைச் சிகிச்சை நினைவு வரும். அதைவிட, நம் குழுமத்திலேயே மடல் தொடரை இழை என்கிறோம். பேச்சு திசைமாறினால் மட்டுறுத்துநர் சொல்வது என்ன? “இழையைப் பிரித்துவிடுங்கள்.”

அன்புடன்,
திருத்தணியிலிருந்து

* * *

மறுமொழி: சித்தூரிலிருந்து

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறவள் என்பதால் ஒரு வார்த்தை. முறைக்கு என்ன பேர் என்பது ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட வாயில் வராது. லேயர்களின் பேர்தான் நாள் முழுக்க வரும். “எந்த லேயர்ல இருக்கே? அதுல ஹீலிங் பண்ணாதே, மேல போ” என்று கத்திக்கொண்டே இருப்போம். (ஹீலிங் என்றால் பக்கத்துத் தோலை வைத்துக் குறையை மறைப்பது.) அதனால் அந்த இரண்டு பேரும் குட்டியாக, கத்த வசதியாக இருக்க வேண்டும். இழை எனக்குச் சரி.

சாயம் சரியில்லை. கீழ் லேயரில் நிறம் மட்டுமா இருக்கிறது? மூக்கின் நிழல், கன்னத்தின் வெளிச்சம் எல்லாம் அங்கேதானே இருக்கு. போதாக்குறைக்கு ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்றால் குட்டு உடைந்தது என்று அர்த்தம். மாடல் படத்துக்கு அந்த வாசனை வேண்டாம். ‘நிறம்’ என்றும் வைக்காதீர்கள், கஸ்டமர் காதில் விழுந்தால் “அதைக் கொஞ்சம் ஏத்துங்க” என்பார்கள். ‘தோய்வு’ என்று வைத்தால் என்ன? நிறமும் தோயும், நிழலும் தோயும்.

இன்னொரு சிக்கல். நான் போட்டோஷாப் விட்டு கிம்ப் என்கிற இலவச மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அதில் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து ‘வேவ்லெட் டீகம்போஸ்’ இருக்கிறது, படத்தை நுணுக்க வாரியாக லேயர்களாகப் பிரிக்கிற வசதி. இரண்டாக இல்லை, ஐந்து ஆறாகப் பிரிக்கும். உங்கள் நூலும் சாயமும் அங்கே எப்படி?

அக்கா

* * *

மறுமொழி: நகரியிலிருந்து

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. இடையிடையே பதில் எழுதுகிறேன்.

> அதில் இரண்டாக இல்லை, ஐந்து ஆறாகப் பிரிக்கும்.

அக்கா கேட்ட கேள்விதான் ஐயாவின் கேள்விக்கும் பதிலைக் கொண்டுவந்தது. நேற்றுப் பையனின் அம்மாவிடம் நூல் நம்பர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 40ஆம் நம்பர் நூல், 60, 80, 100 என்று போகிறது. நம்பர் கூடக் கூட நூல் நயம். ஏன் தெரியுமா? ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை வரும் என்கிற எண்ணிக்கை அது. எடை மாறாமல் அதிகச் சிட்டம் வரவேண்டுமென்றால் நூல் மெல்லியதாகத்தானே இருக்க வேண்டும்.

இதையே ஐயா சொன்னதோடு வைத்துப் பாருங்கள். அதிர்வெண்ணும் ஓர் அளவுக்குள் எத்தனை என்கிற கணக்குதான். எண் கூடினால் விவரம் நுணுக்கம். மயிர்க்கால் 100ஆம் நம்பர், கன்னத்துத் திட்டு 20ஆம் நம்பர். ஆக தறிக்குப் போனதால் ஃபூரியேயின் உறவு அறுந்துவிடவில்லை, சம்பந்தி வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கிம்ப் பிரிக்கிற ஐந்தையும் நயஇழையிலிருந்து தடிஇழை வரை வரிசையாகச் சொல்லலாம். கடைசியில் மிஞ்சுவது தோய்வு.

ஆமாம், தோய்வை ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. நிழல் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

> அதிர்வெண் பிரிப்பு

கட்டுரையிலும் பாடத்திலும் இது இருக்கட்டும் ஐயா, நான் எதிர்க்கவில்லை. ஸ்டூடியோவில் இழைபிரிப்பு. பழைய ஸ்டூடியோக்களிலும் இரண்டு மொழி இருந்தது. நான் திருத்தணியில் தொழில் கற்றபோது அங்கிருந்த பெரியவர் நெகட்டிவை ஒளி வரும் கண்ணாடி மேசையில் வைத்து, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் முகத்தின் கருமை தெளிந்த இடமாக இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அதனால் பென்சிலால் சுருக்கத்தை நிரப்பலாம், பளபளப்பைக் குறைக்க முடியாது. அதற்கு நெகட்டிவின் மேல்பூச்சான எமல்ஷனை பிளேடால் சுரண்ட வேண்டும், கை தவறினால் நெகட்டிவே போச்சு. இத்தனைக்கும் அவர் வைத்திருந்த ஒரே சொல் ‘டச்சிங்’. புத்தகத்தில் என்ன பேர் என்று அவர் கேட்டதுமில்லை.

> அறுவைச் சிகிச்சை நினைவு வரும்.

வந்தால் நல்லதுதான் ஐயா, கை கொஞ்சம் நிதானப்படும்.

மெருகேற்றல் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் அதை விட எனக்கு மனமில்லை. தோல் திருத்துவதற்கும் இடுப்பை ஒடுக்குவதற்கும் ஒரே சொல் இருந்தால் இரண்டாவது வேலை முதலாவதன் நிழலில் ஒளிந்துகொள்கிறது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரத்தில் மாடலின் உடல்வாகை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால் ‘திருத்திய படம்’ என்று போட வேண்டும் என்கிறது சட்டம். பருவை எடுத்ததற்குப் போட வேண்டியதில்லை. சட்டமே பிரித்துப் பார்க்கிறது, நம் சொல் பார்க்கவில்லை. தோலுக்குத் ‘திருத்தம்’, வடிவத்துக்கு ‘உருமாற்றம்’ என்று இப்போதைக்கு என் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்கு யாராவது தனி இழை தொடங்குங்கள். (ஐயா சிரிப்பது கேட்கிறது.)

கடைசியாக ஒரு சந்தேகம், இதை ஐயாதான் தீர்க்க வேண்டும். லேயர் என்பதற்கு அடுக்கு என்று வைத்திருந்தேன். இழையடுக்கு நன்றாக வருகிறது. சாயம் + அடுக்கு சாயவடுக்கு ஆகிறது. அதில் நடுவில் ‘வடு’ வந்து உட்கார்ந்துவிட்டது. தோய்வுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று பார்த்தால் தோய்வடுக்கு, அங்கேயும் வடு. நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து எடுக்கிற சாமான் அது. அடுக்கை விட்டுத் தளம் என்று போட்டால் இழைத்தளம், தோய்தளம். தோய்தளம் வினைத்தொகையாக நிற்குமா?

படம் கடைக்குப் போய்விட்டது. மூக்கு அப்படியே இருக்கிறது, கண்ணுக்குள் பையனும் இருக்கிறான். ஃபைலை மூடும்போதுதான் பார்த்தேன், லேயர்களுக்கு அவனே தெலுங்கில் பேர் போட்டு வைத்திருக்கிறான்: ‘நூலு’, ‘ரங்கு’.

அன்புடன்,
நகரியிலிருந்து