நிலவேம்புக் குடிநீர் குடித்ததும் தடிப்பு: அடுத்த வேளை கொடுக்கலாமா?

தேக்காவாசி:
அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். நிலவேம்புப் பொடி ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 200 மி.லி., 50 மி.லி.யாக வற்றவைத்துக் கொடுத்தோம். இரண்டாம் வேளை குடித்த இருபதாவது நிமிடம் கழுத்திலும் கையிலும் தடித்து ஒரே அரிப்பு. மூச்சு சீராக இருக்கிறது. டெங்கியா, மருந்தா? சித்தி "சூடு வெளியேறுது" என்கிறார். பாதி அளவு கொடுக்கலாமா?

மருந்தாளர்_ஈசூன்:
ஒரு வாய்கூட வேண்டாம். ஒவ்வாமை வந்த பிறகு பாதி அளவும் ஆபத்துதான். முன்பு பலமுறை குடித்து ஒன்றும் ஆகவில்லை என்பதும் காப்பு அல்ல.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். சில மணி நேரத்தில் அது மறைந்து வேறிடத்தில் எழும்பினால் ஒவ்வாமைத் தடிப்பு. டெங்கிச் சிவப்பு பெரும்பாலும் தட்டையாக, காய்ச்சல் தொடங்கிச் சில நாள் கழித்தே வரும். அதற்காக இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சில் இழுப்பு, தலைசுற்றல், அடுத்தடுத்து வாந்தி: எது வந்தாலும் உடனே 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்). படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், நடக்கவே கூடாது. செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும். தொண்டை வீக்கத்துக்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். சரியானதும் மருத்துவமனையிலிருந்து உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மறுபடி வரலாம்.

கசாயப்பிரியன்:
அந்தப் பொடியில் நிலவேம்பு மட்டுமில்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் சேர்ந்து ஒன்பது. எது காரணம் என்று வீட்டில் சொல்லமுடியாது. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். ஆனால் முதல் சந்தேகம் நிலவேம்பின் மேல்தான். நிலவேம்பால் கடும் ஒவ்வாமை வருவதை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் தனியாக ஆராய்ந்தது.

இங்கே சிங்கப்பூரில் இன்னொரு சிக்கல். சீன மருந்துக் கடையில் தொண்டைவலிக்கு விற்கும் சுவான் சின் லியன் மாத்திரையும் இதே செடிதான், மலாயில் ஹெம்பெடு பூமி. கசாயத்தை நிறுத்திவிட்டு மாத்திரையை விழுங்குபவர்கள் உண்டு. வேப்பிலை வேறு மரம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேக்காவாசி:
கோடு போட்ட தடிப்பு இடம் மாறிவிட்டது. அம்மா வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார், அது சிக்கலா?

மருந்தாளர்_ஈசூன்:
ஆமாம், இதை முதலிலேயே சொல்லியிருக்கணும்! நிலவேம்பு இரத்தம் உறைவதையும் பாதிக்கலாம். இன்றே காட்டுங்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தொடவேண்டாம். மருத்துவர் ஒவ்வாமை என்று உறுதிசெய்தால் பதிவில் "நிலவேம்பு" என்று மட்டும் எழுதவிடாதீர்கள், பல மருத்துவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. அதன் தாவரவியல் பெயரான ஆண்ட்ரோகிராஃபிஸ், சீனப் பெயரான சுவான் சின் லியன் இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.