சென்னையில் அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை: அங்கீகாரச் சான்று பற்றி உதவி தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டத்தில் 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் அப்பாவை, இருதய அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். முகவர் தந்த விளம்பரத் தாளில், மருத்துவமனைகளின் தரத்தை ஆராய்ந்து அங்கீகரிக்கும் பன்னாட்டு அமைப்பான ஜேசிஐ-யின் முத்திரை இருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரம் 3 ஆண்டுகளுக்கே செல்லும், பிறகு மறு ஆய்வில் தேற வேண்டும் என்பதால், முத்திரையை மட்டும் நம்ப மனம் வரவில்லை. இந்தியாவின் என்ஏபிஎச், நம் மலேசியாவின் எம்எஸ்கியூஎச் போன்ற மருத்துவமனைத் தர அங்கீகாரங்களும் தொற்றுத் தடுப்பு, மருந்துப் பாதுகாப்பு முதலிய நடைமுறைகளையே ஆராய்கின்றன. தனியொரு மருத்துவரின் கைத்திறனுக்கு அவை சான்றாகா.

அங்கே சென்று வந்தவர்கள், சான்றின் காலாவதித் தேதியை எவ்வாறு உறுதிசெய்தீர்கள், அறுவைக்குப் பிந்தைய தொற்று விகிதத்தைக் கேட்டபோது மருத்துவமனை எழுத்தில் பதில் தந்ததா, திரும்பிய பின் ஈப்போவில் தொடர் கவனிப்பை யார் ஏற்றார்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். முன்பணம் கட்டுவதற்குள் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.