வாசலைத் தாண்ட மறுக்கும் நாய்: உதவி தேவை

செவலைவீடு:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் 'செவலை' சில நாள்களாக நடைப்பயிற்சிக்கு வர மறுக்கிறது. முன்பெல்லாம் சங்கிலியைக் கையில் எடுத்தாலே துள்ளிக் குதிக்கும்; இப்போது அதன் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இழுத்துப் பார்த்தால் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நடுங்குகிறது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டதால் விரைவாக ஒரு வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வைகைக்கரையான்:
நண்பரே, வழி சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். நாய்க்கு என்ன வயது, என்ன இனம், ஆணா பெண்ணா? ஒரே நாளில் மாறியதா, படிப்படியாக மாறியதா? வீட்டை விட்டுக் கிளம்பவே மறுக்கிறதா, அல்லது தெருவில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போனதும் நிற்கிறதா? இவை தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் குருட்டாம்போக்கில் சொல்வதாகவே இருக்கும்.

உண்ணிவேட்டை:
நடக்க மறுக்கும் நாய்க்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உண்ணிக் காய்ச்சல் வந்தால் மூட்டுகளில் வலி இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பயமாகத் தோன்றும். காதுமடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈறுகள் வெளுத்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். எக்காரணம் கொண்டும் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்கான இபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

தெற்குத்தெரு:
தீபாவளி முடிந்த கையோடு இப்படிப்பட்ட கேள்விகள் வருவது வழக்கம்தான். நமக்குக் கேட்காத மிக உயர்ந்த சுருதி ஒலிகளும் நாய்க்குக் கேட்கும். எனவே நடக்கும்போது அருகில் ஒரு வெடி வெடித்திருந்தால், வெடித்த இடம், நேரம், அப்போது கழுத்தில் இருந்த பட்டை ஆகிய அனைத்தையும் சேர்த்தே அது பயப்படக் கற்றுக்கொள்ளும்.

கோட்டைச்சாமி:
இக்கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் புதிய இழைக்கே தேவை இருந்திருக்காது. நாய் என்பது கூட்டத் தலைவனுக்குக் கட்டுப்படும் விலங்கு. தலைவன் நீங்கள்தான் என்பதை அது மறந்துவிட்டது, அவ்வளவுதான். இறுகும் சங்கிலியை மாட்டி, திரும்பிப் பார்க்காமல், பேசாமல், கொஞ்சாமல் இழுத்துச் செல்லுங்கள். தெருமுனை வரும்போது தானாக நடக்கும். நான் நாய் வளர்க்கத் தொடங்கியபோது இங்குள்ள பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

மல்லிகைப்பந்தல்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் இந்தத் 'தலைவன்' கோட்பாடு பெரும்பாலும் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுந்தது. 1947ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஷென்கெல் எழுதிய ஆய்வு அத்தகையது. அக்கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் வாழும் ஓநாய்க்கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999ஆம் ஆண்டில் எழுதினார். அதுவும் ஓநாயைப் பற்றிய செய்தி. நாம் பேசிக்கொண்டிருப்பது கட்டிலுக்கு அடியில் நடுங்கும் நாயைப் பற்றி. பயந்த நாயைத் தரதரவென்று இழுத்தால் அது அடங்கிப் போகலாம். அடங்கியதாலேயே பயம் தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடாது.

செவலைவீடு:
அவசரத்தில் விவரங்கள் விடுபட்டன. மூன்று வயதான பெண் சிப்பிப்பாறை நாய். கால்நடை மருத்துவரிடம் முன்பே காட்டிவிட்டேன்; இரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லை, கால்களையும் முதுகையும் அழுத்திப் பார்த்தும் வலி இல்லை என்றார். வெடிச்சத்தத்துக்கு இது அவ்வளவாகப் பயப்படுவதில்லை. தெருக் கதவருகே வந்ததும்தான் நின்றுவிடுகிறது.

கோட்டைச்சாமி:
சிப்பிப்பாறையா? அப்படியானால் நாயில் குறையில்லை, வளர்ப்பில்தான் குறை. முயல் வேட்டைக்கென்று உருவான நாட்டு நாய் கதவைக் கண்டு நடுங்கியது என்று என் காதால் கேட்டதில்லை. பிஸ்கட்டும் மெத்தையும் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள்.

கரிசல்மண்:
நாட்டு நாய்க்குப் பயமே வராது என்று சொல்லிச் சொல்லித்தான் அவற்றைத் தவறாக நடத்துகிறோம். 2005ஆம் ஆண்டில் இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள் என்று பெருமை பேசுகிறோம். அந்த வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை என்பதைப் பேசுவதில்லை. காது கேளாத குட்டியைச் 'சொல் பேச்சுக் கேட்காதது' என்று அடித்த ஒருவரை நான் நேரில் கண்டிருக்கிறேன். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட நாய்கள் மெல்லிய தோலும் கூர்ந்த புலன்களும் கொண்டவை. சிறு அதிர்ச்சிகூட அவற்றின் மனத்தில் தங்கிவிடும்.

கோட்டைச்சாமி:
அஞ்சல்தலையைப் பற்றிக் கேள்வி கேட்டவர் யாரும் இல்லை.

மீட்டர்பெட்டி:
நான் மின்பணி செய்பவன். நாய்களைப் பற்றி அதிகம் தெரியாது. ஆயினும் 'கதவருகே வந்ததும்' என்ற சொற்களைப் பார்த்ததும் சில கேள்விகள் எழுகின்றன. உங்கள் தெருக் கதவு இரும்பாலானதா? கதவுத் தூணில் விளக்கோ அழைப்பு மணியோ பொருத்தியிருக்கிறீர்களா? நாயைப் பிடிக்கும் சங்கிலி இரும்பா, நூல் வாரா? பிரச்சினை மழை தொடங்கிய பிறகு வந்ததா? பின்வாசல் இருந்தால் அந்த வழியாக நாயை ஒருமுறை வெளியே அழைத்துப் பாருங்கள். தெருவில் இயல்பாக நடந்தால், அதற்குப் பயம் தெருவின் மீது இல்லை, அந்தக் கதவின் மீதுதான். மின்கசிவு இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். சோதித்து முடியும் வரை அந்த விளக்கின் இணைப்பைத் துண்டித்து வையுங்கள். குழந்தைகளைக் கதவருகே விடாதீர்கள்.

கோட்டைச்சாமி:
கதவில் மின்சாரம் இருந்தால் அதைத் திறக்கும் மனிதனுக்கு அல்லவா முதலில் தெரிய வேண்டும்? நாய்க்கு மட்டும் அதிர்ச்சி கொடுக்கும் மின்சாரத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மீட்டர்பெட்டி:
ஐயா, கேள்வி நியாயமானது. நாம் ரப்பர் செருப்பு அணிந்து, உலர்ந்த கையால் கதவைத் தொடுகிறோம். உடல் வழியாகத் தரைக்குப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் பல நேரங்களில் அது நமக்கு உணர்வாவதே இல்லை. நாயோ நனைந்த சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கிறது. ஈர மூக்கோ, கழுத்திலுள்ள இரும்புச் சங்கிலியோ கதவில் பட்டால் மின்னோட்டம் நெஞ்சு வழியாகக் கால்களுக்கு இறங்கும். மழைக்காலத்தில் மனிதர்கள் கவனிக்காமல் கடந்துபோன மின்கம்பத்தருகே மாடு இறந்து கிடந்தது என்ற செய்தியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். நாயை நடக்க அழைத்துச் செல்பவர்களுக்கு இது வெளிநாட்டிலும் நேர்ந்த ஆபத்துதான். 2004ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரில் நாய்களுடன் நடந்துகொண்டிருந்த ஒரு பெண், மின்கசிவு இருந்த உலோக மூடியை மிதித்து உயிரிழந்தார். அதன்பிறகுதான் அங்கே தெரு மின்னமைப்புகளில் கசிவுச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள்.

உண்ணிவேட்டை:
இருந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனையை இன்னொரு முறை செய்து பார்ப்பதில் தவறில்லை. தொடக்க நிலையில் சில பரிசோதனைகளில் அது தெரியாமல் போகும்.

வைகைக்கரையான்:
இழை தொடங்கியவர் எங்கே போனார்? கதவு இரும்பா மரமா என்ற ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் காத்திருக்கிறோம்.

செவலைவீடு:
தாமதத்துக்கு மன்னிக்கவும். இரும்புக் கதவு, இரும்புச் சங்கிலி, தூணில் விளக்கு, மூன்றும் உண்டு. பின்வாசல் வழியாக அழைத்துப் போனபோது செவலை தெரு முழுவதும் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. மின்பணியாளர் வந்து பார்த்தார். விளக்குக்குப் போகும் கம்பி, கதவின் கீல் உராய்ந்து தோலுரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றியதும் கதவில் மின்சாரம் இருப்பது தெரிந்தது. கம்பியை மாற்றிவிட்டார். நாய் மட்டும் இன்னும் அந்தக் கதவருகே வர மறுக்கிறது.

மீட்டர்பெட்டி:
நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனைத் திருப்புளியில் ஒளி வராததை மட்டும் நம்பிவிடாதீர்கள். கதவை நனைத்துவிட்டு மல்டிமீட்டரால் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே பொருத்துங்கள். இருந்தால், இத்தனை நாள் அது ஏன் விழவில்லை என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல்:
கம்பி சரியானது நமக்குத் தெரியும், செவலைக்குத் தெரியாது. சிறிது காலத்துக்கு நடைக்குப் பின்வாசலையே பயன்படுத்துங்கள். இரும்புச் சங்கிலியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, நூல் வாரும் மார்புப் பட்டையும் வாங்குங்கள். பழைய சங்கிலியின் ஓசையே அதற்கு அதிர்ச்சியை நினைவூட்டும். சிப்பிப்பாறைக்குத் தலை சிறியது, கழுத்து தடித்தது. பயந்து பின்வாங்கும்போது சாதாரணக் கழுத்துப் பட்டை அப்படியே தலைவழியாகக் கழன்றுவிடும், பிறகு அதை ஓடிப் பிடிக்க நம்மால் ஆகாது.

தெருக் கதவைப் பழக்குவதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் எண்ணமே இல்லாமல், நாய் நிம்மதியாக நிற்கும் தொலைவில் நின்று, வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாகப் போடுங்கள். வாங்கித் தின்றால் அடுத்த நாள் ஓர் அடி முன்னால் நில்லுங்கள். வாலை ஒடுக்கினாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, காரணமின்றிக் கொட்டாவி விட்டாலோ, ஈரலைக் கண்டும் வாய் வைக்காவிட்டாலோ, நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்; பின்னால் வந்துவிடுங்கள். அது திரும்பி ஓட விரும்பினால் ஓட விடுங்கள், வாரைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கதவை முன்னதாகவே அகலத் திறந்து வைத்தால் கீல் கிறீச்சிடும் சத்தமும் இருக்காது. எத்தனை நாள் ஆகும் என்பதை அந்த நாய்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோட்டைச்சாமி:
மின்கசிவு என்று முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கரிசல்மண்:
முதல் பதிவில் அவருக்கே அது தெரியாதே, ஐயா.

புதுமனை:
வணக்கம். எங்கள் நாயும் சில நாள்களாக மாடிப்படி ஏற மறுக்கிறது. என்ன காரணமாக இருக்கும்?

வைகைக்கரையான்:
வயது, இனம், எப்போதிலிருந்து? படிக்கு இரும்புக் கைப்பிடியா?