ஒரே வெக்டரில் ரெண்டு கிளாஸ்: எல்லாத்துக்கும் விலை 0 வருது

கச்சான்:
சி++17இல் கடை பில் போடுற புரோகிராம் ஒண்டு. பேஸ் கிளாஸ் 'பொருள்'. அதிலையிருந்து 'நிறைப்பொருள்' (பனங்கட்டி, கிலோக் கணக்கு), 'எண்ணிப்பொருள்' (நல்லெண்ணெய்ப் போத்தல்). ரெண்டையும் வெக்டர்<பொருள்> ஒண்டுக்குள்ளை புஷ்_பேக் பண்ணினால் வோர்னிங்கே இல்லாமல் கம்பைல் ஆகுது. ஆனால் விலை() கூப்பிட்டால் எல்லாம் 0. விலை()க்கு விர்ச்சுவல் (அந்தந்தக் கிளாஸின்ரை ஃபங்ஷனை ஓட வைக்கிறது) போட்டுத்தான் கிடக்கு. எங்கை பிழை?

முற்றவெளி:
விர்ச்சுவலிலை பிழையில்லை தம்பி, வெக்டரிலைதான். அதிலை ஒவ்வொரு இடமும் 'பொருள்' அளவுதான். 'பொருள்' உள்ளுக்கு ஒரு டபிள் (8 பைட் தசம எண்) மட்டும் எண்டால், 64 பிட் மெஷினிலை வி-டேபிள் பொயின்டரோடை (எந்தக் கிளாஸின்ரை விர்ச்சுவல் ஃபங்ஷன் எண்டு காட்டுறது) 16 பைட். நிறைப்பொருளுக்குக் கிலோ எண்டு இன்னொரு டபிள் சேர 24. புஷ்_பேக் செய்யேக்கை பொருளின்ரை கொப்பி கன்ஸ்ட்ரக்டர் ஓடி, பேஸ் பங்கை மட்டும் எடுக்கும். கிலோ இருந்த 8 பைட் போச்சு. வி-டேபிள் பொயின்டரும் இப்ப பொருளின்ரை. அதுதான் பேஸிலை எழுதின 0 வருது. உதைத்தான் ஸ்லைசிங் எண்டுறது. சட்டப்படி சரியான கோட், அதாலை கம்பைலர் வாய் திறக்காது.

வெக்டர்<யுனிக்_பிடிஆர்<பொருள்>> எண்டு மாத்துங்கோ; அப்ப வெக்டரிலை பொருளுக்குப் பதிலா அதைக் காட்டுற பொயின்டர்தான் இருக்கும். சேர்க்கேக்கை:
புஷ்_பேக்(மேக்_யுனிக்<நிறைப்பொருள்>(ஒருகிலோ_விலை, 1.5))

பேஸிலை விலை()க்கு = 0 (விலை 0 இல்லை, பேஸிலை ஃபங்ஷனை எழுதாமல் விடுற பியூர் விர்ச்சுவல்) போட்டுவிடுங்கோ; பிறகு பழைய வெக்டருக்குள்ளை புஷ்_பேக் பண்ணினால் கம்பைலே ஆகாது. டெஸ்ட்ரக்டரும் கட்டாயம் விர்ச்சுவல். இல்லாட்டி பேஸ் பொயின்டராலை அழிக்கேக்கை என்ன நடக்கும் எண்டு சொல்லேலாது. மற்ற கிளாஸுகளிலை ஓவர்ரைட் (override) எண்டும் எழுதுங்கோ, கொன்ஸ்ட் ஒண்டு விடுபட்டாலும் உடனை பிடிபடும்.

கச்சான்:
விலை சரி அண்ணை. இப்ப ஃபோர் (ஓட்டோ ப : பட்டியல்) எண்ட வரியிலை 'டிலீட் செய்த ஃபங்ஷன்' எண்டு நீட்டுக்கு எரர்.

முற்றவெளி:
ஓட்டோ ப எண்டால் ஒவ்வொண்டையும் கொப்பி எடுக்கும்; யுனிக்_பிடிஆரைக் கொப்பி எடுக்கேலாது. கொன்ஸ்ட் ஓட்டோ& ப எண்டு போடுங்கோ.

வேலியோரம்:
ரைப் ரெண்டு மூண்டுதான், இனிக் கூடப்போறேல்லை எண்டால் உவ்வளவு பொயின்டர் எனக்குத் தேவையாத் தெரியேல்லை. வெக்டர்<வேரியன்ட்<நிறைப்பொருள், எண்ணிப்பொருள்>> (சொன்ன ரைப்புகளிலை ஏதோ ஒண்டை வைச்சிருக்கிறது) வைச்சு, விசிட்டாலை (உள்ளை கிடக்கிற ரைப்புக்கேத்த ஃபங்ஷனைக் கூப்பிடுறது) விலை எடுக்கலாம். பேஸ் கிளாஸும் வேண்டாம், ஒவ்வொண்டுக்கும் ஹீப்பிலை (ஓடேக்கை கேட்டு எடுக்கிற மெமரி) தனி இடமும் வேண்டாம். ஒண்டு கவனம்: ஒவ்வொரு இடமும் ஆகப் பெரிய ரைப்பின்ரை அளவைப் பிடிக்கும், எந்த ரைப் எண்டு குறிக்கவும் கொஞ்சம் சேரும். ஒரு கிளாஸுக்குள்ளை 1 கிலோபைட் அரே கிடந்தால் போத்தலுக்கும் அவ்வளவு போகும். அப்பிடியெண்டால் முற்றவெளி அண்ணை சொன்ன வழிதான் நல்லது.