வான்கோழி மீட்பாலில் (கறி உருண்டையில்) கீரையும் சீஸும் சேர்க்கலாமா?

கேள்வி: அரை கிலோ வான்கோழிக் கொத்துக்கறி, ஒரு கட்டு பசலைக்கீரை, ஃபெட்டா சீஸ் வாங்கி வச்சிருக்கேன். ஓவனில்தான் வேகவைக்கணும். உருண்டை உதிராம, வறண்டு போகாம வர என்ன செய்யணும்?

பதில்: கீரையை வதக்கி, ஆறவிட்டு, துணியில கட்டி ஒட்டப் பிழியுங்க. அந்தத் தண்ணிதான் உருண்டையை உடைக்கும். வெறும் மார்புக்கறி வறண்டுடும். தொடைக்கறி கலந்ததா வாங்குங்க. ரொட்டித்தூளைப் பாலில் ஊறவச்சு, ஒரு முட்டையோட சேருங்க. அழுத்திப் பிசையாதீங்க, இறுகிடும். ஃபெட்டாவே உப்பு, அதனால உப்பைப் பார்த்துப் போடுங்க.

இன்னொரு பதில்: 200 டிகிரி செல்சியஸ், சுமார் 20 நிமிஷம். நிறத்தை நம்பவே வேண்டாம்; உருண்டையின் நடுவில் குத்தின தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டணும்.

கேட்டவர்: மிளகு, பூண்டு போதுமா?

முதல் பதில் தந்தவர்: துளி ஜாதிக்காய் துருவிப் போடுங்க. பசலைக்கும் சீஸுக்கும் அவ்வளவு பொருத்தம். எங்க வீட்டில் அது இல்லாம செய்யவே மாட்டோம்.