'மே நாட்' என்றால் வரக்கூடாதா, வராமலும் இருக்கலாமா?

மொழிபெயர்ப்பு_திருச்சி:
ஒரு சுற்றறிக்கை வரி இன்னும் உறுத்துகிறது. 'ட்ரெய்னீஸ் மே நாட் அட்டெண்ட் த சாட்டர்டே செஷன்.' தமிழில் 'சனிக்கிழமை வகுப்புக்கு வராமலும் இருக்கலாம்' என்று போய்விட்டது. விருப்பப்பட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எழுதியவர் சொல்ல வந்தது 'வரக்கூடாது'.

நம் 'வரலாம்' அப்படியே 'மே' மாதிரிதான். அனுமதியும் அதுதான், வாய்ப்பும் அதுதான். எதிர்மறையில்தான் பிரிகிறது. தமிழில் 'வரக்கூடாது', 'வராமல் இருக்கலாம்' என்று இரண்டு வடிவம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மே நாட்' ஒன்றே. 'இட் மே நாட் ரெயின்' என்றால் குழப்பமில்லை, மழைக்கு யாரும் தடை போட முடியாது. ஆள் எழுவாயாக வந்தால்தான் சிக்கல். தடை என்றால் 'மஸ்ட் நாட்', வாய்ப்பு என்றால் 'மைட் நாட்' என்று எழுதிவிடுங்கள்.

டியூஷன்_நெல்லை:
'மஸ்ட் நாட்' போடச் சொல்வதற்கு முன் அதன் மறுபக்கத்தையும் சொல்லியிருக்கலாம். ஒரு நேர்காணல் கடிதத்தில் 'யூ மஸ்ட் நாட் ப்ரிங் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ்' என்று இருந்தது. நகல் போதும், அசல் தேவையில்லை என்பதுதான் பொருள். அசலைக் கொண்டுவந்த ஒரு பெண் பயந்துபோய் ஃபைலை நாற்காலிக்கு அடியில் தள்ளிவைத்தார். நம் 'வேண்டாம்' தடைக்கும் வரும், 'தேவையில்லை' என்பதற்கும் வரும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. 'கொண்டுவர வேண்டியதில்லை' என்று மாற்றிப் பார்த்துப் பொருந்தினால் 'டோன்ட் ஹேவ் டு'. 'கொண்டுவரக் கூடாது' பொருந்தினால் மட்டுமே 'மஸ்ட் நாட்'.

வாசகர்_மதுரை:
விழா அறிவிப்பு ஒன்றில் 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று பார்த்தேன். 'கேன்' பொதுவான இயல்புக்கு: 'இட் கேன் ரெயின் ஹெவிலி இன் சென்னை இன் நவம்பர்' சரி. நாளைய மழைக்கு மே, மைட், குட். கேள்வியில் இன்னொரு சிக்கல்: 'மே இட் ரெயின்?' என்று வாய்ப்பைக் கேட்பதில்லை. 'டு யூ திங்க் இட் வில் ரெயின்?' என்றே கேட்பார்கள். 'கான்ட் பி ட்ரூ' என்றால் உண்மையாக இருக்கவே முடியாது. 'மே நாட் பி ட்ரூ' என்றால் உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சந்தேகப்பட்டது போய் மறுத்ததாக ஆகிவிடும்.

ஆசிரியர்_ஈரோடு:
பயிற்சித்தாள் ஒன்றில் உரையாடல்: 'குட் ஐ யூஸ் யுவர் பென்?' 'எஸ், யூ குட்.' பதில் தவறு.

கேட்பவர் பணிவுக்காக 'குட்' போடுகிறார். கொடுப்பவர் 'எஸ், யூ கேன்' என்றோ 'ஆஃப் கோர்ஸ்' என்றோ சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 'மே ஐ கம் இன்?' மட்டுமே சரி, 'கேன் ஐ' தவறு என்று பிள்ளைகளைத் திருத்தாதீர்கள். பேச்சில் 'கேன்' இயல்பானது, 'மே' சற்றுச் சம்பிரதாயமானது, அவ்வளவுதான். கடந்தகால அனுமதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வழக்கமாக இருந்த அனுமதிக்கு 'குட்' போதும். நேற்று ஒரே ஒரு முறை உள்ளே விட்டார்கள் என்றால் 'ஐ குட் கோ இன்' பொருந்தாது, 'ஐ வாஸ் அலவ்டு டு கோ இன்' என்றே எழுத வேண்டும். ஆனால் விடவில்லை என்றால் 'குடன்ட்' தாராளமாக வரும். இந்த வேறுபாட்டைப் பலரும் சொல்லித்தருவதில்லை.

ஆவணம்_கோவை:
முதல் பதிவருக்கு: இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் (1997) இந்தச் சொற்களுக்கு வரையறையே தருகிறது. 'மஸ்ட் நாட்' உண்டு, 'ஷுட் நாட்' உண்டு, 'மே' உண்டு. 'மே நாட்' பட்டியலிலேயே இல்லை. கேப்பிடல் எழுத்தில் வந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. ஐஎஸ்ஓ தரநிலைகளிலோ 'மே' அனுமதிக்கு, 'கேன்' வாய்ப்புக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பு_திருச்சி:
அப்படியானால் தமிழ் வரியைத் திருத்தினால் மட்டும் போதாது. ஆங்கில வரியையும் 'ட்ரெய்னீஸ் மஸ்ட் நாட் அட்டெண்ட்' என்று மாற்றச் சொல்லிக் குறிப்பு அனுப்ப வேண்டும்.