தாத்தா பர்மாவில் சண்டை போட்டாரா? ஒரு பதக்கமும் ரிப்பன் பட்டையும்தான் மிச்சம், உதவி தேவை

தென்னாற்காட்டுப் பேரன்:

வணக்கம். என் அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தவர். 1946-இல் ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் எல்லாரும் சொல்வது ஒரே கதைதான்: "பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டார், காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்." சித்தப்பா மட்டும், "அவர் நேதாஜி படைக்குப் போய்விட்டார், அதனால்தான் பென்ஷன் கொடுக்கவில்லை" என்கிறார்.

இதுவரை செய்தது: காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தாத்தா பெயரைப் போட்டுப் பார்த்தேன். அதே பெயரில் நிறையப் பேர் வருகிறார்கள், எங்கள் ஊர்க்காரர் யாருமில்லை. அப்புறம் ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். "பெயர், ஊர் மட்டும் வைத்துத் தேட இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டைக் கரையான் தின்றுவிட்டது. இருப்பது ஒரு வட்டப் பதக்கம், காக்கித் துணியில் தைத்த ரிப்பன் பட்டை, ஸ்டூடியோ போட்டோ ஒன்று. நட்சத்திரம் மாதிரி சில பதக்கங்களும் இருந்தனவாம், யாரோ பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். இதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

பழங்காகிதம்:

முதலில் அந்த இணையதளம். அது பணியில் இருந்தபோது இறந்தவர்களுக்கான பட்டியல். இரண்டாம் உலகப்போருக்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை இறந்தவர்கள்தான் அதில் வருவார்கள். உயிரோடு ஊர் திரும்பியவரை அங்கே தேடினால் கிடைக்க மாட்டார், கிடைக்கவும் கூடாது! முக்கால்வாசிப் பேர் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இறந்த சிப்பாய்க்குக் கல்வெட்டு, பட்டியல், பல சமயம் அப்பா பெயர், ஊர்கூடப் பதிவாகியிருக்கும். திரும்பி வந்தவருக்கு அவ்வளவு காகிதம் இருக்காது.

உங்களுக்கு இப்போது வேண்டியது பெயர் அல்ல, பட்டாள எண். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். ஒரே ஆளின் பெயர் நாலு விதமாக இருக்கும். எண் மட்டும் மாறாது.

அந்த வட்டப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். முகத்தை அல்ல, பக்கவாட்டை. அந்தப் போரின் பதக்கங்களைப் பிரிட்டிஷ் ராணுவத்தினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர் பொறித்தவை நிறைய உண்டு. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; தேய்ந்த எழுத்து அதோடு போய்விடும். இருட்டில் வைத்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். ரிப்பன்களின் நிறத்தையும் இடமிருந்து வலமாக அப்படியே எழுதுங்கள்.

தென்னாற்காட்டுப் பேரன்:

ஐயா, ராத்திரியே பார்த்துவிட்டேன். விளிம்பில் எழுத்து இருக்கிறது! முதலில் எண், கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ தெரியவில்லை. பிறகு எஸ்.பி.ஆர். என்று மூன்று எழுத்து, தாத்தா பெயர் (ஓர் எழுத்து தப்பாக), கடைசியில் எஸ் அண்ட் எம் என்பது போல ஏதோ. பதக்கத்தின் ஒரு பக்கம் மகுடம் வைத்த ராஜா தலை, மறுபக்கம் ஒரு சிங்கம் எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறது.

ரிப்பன் நான்கு. முதலாவது கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம், மூன்றும் ஒரே அகலம். இரண்டாவது மணல் நிறம். நடுவில் சிவப்புப் பட்டை, அதன் இரு பக்கமும் மெல்லிய கோடு, ஒன்று கருநீலம், மற்றது வெளிர்நீலம். மூன்றாவது சிவப்பு, வெள்ளை, நடுவில் பச்சை, மறுபடி வெள்ளை, சிவப்பு. நாலாவது ரொம்ப வெளுத்துவிட்டது. சிவப்பும் நீலமும் வெள்ளையும் தெரிகிறது.

பழங்காகிதம்:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். வட்டமானது 1939–45 போர்ப் பதக்கம். சிங்கம் மிதிப்பது இரட்டைத் தலை டிராகனை. நாலாவது ரிப்பன் அதனுடையதுதான்.

முதல் ரிப்பன் 1939–45 நட்சத்திரம். அந்த மூன்று நிறமும் கடற்படை, தரைப்படை, விமானப்படை. இரண்டாவது ஆப்பிரிக்க நட்சத்திரம், மணல் நிறம் பாலைவனத்துக்கு. மூன்றாவது இத்தாலி நட்சத்திரம், அந்த நாட்டுக் கொடியின் நிறங்கள். பர்மா நட்சத்திரத்தின் ரிப்பன் வேறு மாதிரி: நடுவில் அகலச் சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. உங்கள் பட்டையில் அது இல்லை.

ஆக, தாத்தா போனது மேற்கே. ஆப்பிரிக்க நட்சத்திரத்துக்கான காலம் 10 ஜூன் 1940 முதல் 12 மே 1943 வரை. இத்தாலிக்கு 11 ஜூன் 1943 முதல் 8 மே 1945 வரை. ஆப்பிரிக்கா என்றதும் லிபியா, துனிசியா என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எரித்ரியா, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) பக்கம் இருந்தவர்களுக்கும் அதே நட்சத்திரம்தான்.

ஓய்வுபெற்ற சப்பர்:

தம்பி, எஸ்.பி.ஆர். என்றால் சப்பர். எஸ் அண்ட் எம் என்றால் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் நம் ஆட்கள் வேலை. மெட்ராஸ், பெங்கால், பம்பாய் என்று மூன்று பிரிவு இருந்தது. தமிழ் ஆள் என்றால் பெரும்பாலும் மெட்ராஸ்தான், இருந்தாலும் உறுதிப்படுத்த வேண்டும். போட்டோவில் தலையில் என்ன இருக்கிறது?

தென்னாற்காட்டுப் பேரன்:

தலைப்பாகை இல்லை ஐயா. உச்சி தட்டையாக, உருளை மாதிரி ஒரு தொப்பி. நான் ஏதோ ஸ்டூடியோக்காரர் கொடுத்தது என்றல்லவா நினைத்தேன்.

ஓய்வுபெற்ற சப்பர்:

ஸ்டூடியோக்காரரா! அது துப்டா, தம்பி. மெட்ராஸ் சப்பருக்கே உரிய தொப்பி. இன்றைக்கும் அணிவகுப்பில் பார்க்கலாம். சந்தேகமே வேண்டாம்.

இப்போது பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் (மெட்ராஸ் சப்பர்ஸின் இன்றைய பெயர் அதுதான்) ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். "சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பென்ஷன் இல்லாதவர்களின் ஷீட் ரோலை, அதாவது ஆளுக்கொன்றான சர்வீஸ் பதிவை, 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது விதி. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு உண்டு, அதை அழிக்க மாட்டார்கள். எண், பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று அதில் ஒருவருக்கு ஒரு வரிதான் இருக்கும். அந்தச் சொல்லைப் போட்டுக் கேளுங்கள். எண்ணை 3 என்றும் 8 என்றும் இரண்டு விதமாக எழுதி, பதக்கப் படம், தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்பினால் இன்னும் நல்லது. ஊர் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து மாவட்டத்தைப் போடுங்கள். விழுப்புரம், கடலூர் என்றெல்லாம் அப்போது மாவட்டம் கிடையாது, தென்னாற்காடுதான்.

பென்ஷன் இல்லாததற்கு நேதாஜியை இழுக்க வேண்டாம். சிப்பாய்க்கு பென்ஷன் வாங்க 15 வருட சர்வீஸ் வேண்டும். போருக்காக எடுத்தவர்களை, போர் முடிந்ததும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மலேயாப் பேத்தி:

சித்தப்பா கதைக்கு ஒரு வார்த்தை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்கள் பெரும்பாலும் மலேயாவிலும், 15 பிப்ரவரி 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோதும் ஜப்பானியரிடம் பிடிபட்டவர்கள். 1943-44-இல் இத்தாலியில் இருந்தவர் அங்கே இருந்திருக்க வழியில்லை. எங்கள் வீட்டில் தலைகீழ். தாத்தா ரப்பர் தோட்டத்திலிருந்து நேராக அந்தப் படையில் சேர்ந்தவர். அவரைப் பிரிட்டிஷ் பட்டாளக் காகிதத்தில் எத்தனை வருடம் தேடியிருக்கிறேன் தெரியுமா? அப்புறம்தான் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் பக்கம் திரும்பினேன். அங்கே அந்த ராணுவம் பற்றிய கோப்புகள் இருக்கின்றன.

பழங்காகிதம்:

லாங் ரோலில் எந்தக் கம்பெனி, அதாவது எந்தச் சிறு படைப்பிரிவு, என்று இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனி தெரிந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். ஒவ்வொரு கம்பெனியும் போர் தினக்குறிப்பு எழுதியது. இன்று எந்தப் பாலம், எத்தனை கண்ணிவெடி, எத்தனை பேருக்குக் காயம் என்று நாள்வாரியாக இருக்கும். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்திய கிழக்குப் படைகளின் குறிப்புகள் டபிள்யூ.ஓ. 169 என்ற வரிசையில் இருக்கின்றன. சப்பரின் பெயர் அதில் வருவது அபூர்வம், அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் அவர் எந்த ஆற்றங்கரையில் என்றைக்கு இருந்தார் என்பது தெரியும்.

கம்பெனியைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி: நீங்கள் முதலில் போன அதே கல்லறை ஆணைய இணையதளம். இந்தத் தடவை பெயரைப் போடாமல் மெட்ராஸ் சப்பர்ஸ் என்று தேடி, தாத்தாவின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சமயம் சேர்ந்தவர்களாக இருக்கலாம். சிலருக்குக் கம்பெனி எண்ணும் போட்டிருக்கும். இது துப்புதான், சாட்சி அல்ல. மெட்ராஸ் சப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன் 24 பிப்ரவரி 1943-இல் துனிசியாவின் மாரெத்தில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது, அதனால் அவர் செய்தது வரிவரியாகப் பதிவில் இருக்கிறது. பக்கத்தில் நின்று பிழைத்தவர்களை இப்படித்தான் சுற்றி வளைத்துத் தேட வேண்டும்.

தென்னாற்காட்டுப் பேரன் (நான்கு மாதம் கழித்து):

பெங்களூரிலிருந்து பதில் வந்துவிட்டது! கடைசி இலக்கம் 8. சேர்ந்தது 1942 மார்ச், விலகியது 1946 ஆகஸ்ட். கடிதம் ஐந்தே வரி, கம்பெனி இல்லை. பக்கத்து எண்களில் இரண்டு பேர் இத்தாலியில் ஒரே கம்பெனியில் இறந்திருக்கிறார்கள். அதை வைத்துத் தினக்குறிப்புக்கு எழுதப் போகிறேன்.

பர்மா கதையும் தீர்ந்தது. பெரிய அத்தையிடம் ரிப்பனைக் காட்டிக் கேட்டேன். "நடந்து வந்தது உங்க தாத்தா இல்லடா, அவர் அண்ணன். ரங்கூன்ல அரிசி மில்லுல இருந்தவர், குண்டு போட்டதும் கிளம்பி வந்துட்டார்" என்றார். 1942-இல் நடந்தே திரும்பிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். இரண்டு பேர் கதையையும் நாங்கள் ஒருவர் தலையில் கட்டிவிட்டோம்.

இன்னொன்றும் சொன்னார். கடலைக்கொல்லையில் புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தால் தாத்தா உட்கார்ந்து கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாராம். பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்களாம்.

ஓய்வுபெற்ற சப்பர்:

நேராகக் குத்துவாரா, சாய்வாகவா? அத்தையிடம் கேட்டுச் சொல், தம்பி. கண்ணிவெடியின் தலையில் அழுத்தம் விழக்கூடாது என்று எங்களுக்குச் சாய்வாகத்தான் குத்தச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தென்னாற்காட்டுப் பேரன்:

இப்போதுதான் போனில் கேட்டேன். அத்தைக்குக் கேள்வி புரியவில்லை, பக்கத்திலிருந்த அகப்பையை எடுத்துச் செய்து காட்டினாராம். சாய்வாகத்தான், ஐயா.